இரவல் குரலும் சொந்தக் குரலும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கோடைக்காலம் என்றால் கூத்துக் காலம். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி தொடங்கி, ஊர் ஊராகத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். சபையில் துகிலுரியப்பட்டு நியாயம் கேட்கும் திரௌபதியாக நிற்பவர் பெரும்பாலும் ஓர் ஆண். பெண்ணின் வழக்கை ஆணின் உடம்பும் ஆணின் குரலும் எடுத்துச் சொல்கின்றன. கீழே பாயில் உட்கார்ந்து அழுகிறவர்கள் பெண்கள்.

சினிமா பெண்ணையே மேடையேற்றியது. ஆனால் காலப்போக்கில் அவளை இரண்டாகப் பிரித்தது. முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது. இந்தப் பிரிவினையின் இரு பக்கத்திலும் நின்று வேலை செய்தவர் ரோகிணி. அவருடைய வரலாற்றை எழுதுவது நம் திரையில் பெண்குரலின் வரலாற்றை எழுதுவதாகவும் ஆகிறது.

தொடக்கம் இப்படி இருக்கவில்லை. 1931இல் 'காளிதாஸ்' வந்தபோது டி.பி. ராஜலட்சுமி தானே பேசினார், தானே பாடினார். 1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்காகக் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். அன்றைக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை. அதில் அவர் ஏற்றது நந்தனார் வேடம். கூத்தில் ஆண் பெண்ணாக நின்றதைப் போல, இங்கே ஒரு பெண் ஆணாக நின்றார், தன் சொந்தக் குரலோடு. அந்தக் குரலுக்குத்தான் அந்த விலை. பிறகு பின்னணிப் பாடல் முறை வந்து பாட்டை நடிகையிடமிருந்து பிரித்தது. பின்னணிப் பேச்சு வழக்கமானபோது வசனமும் பிரிந்தது. 1990களில் வடக்கிலிருந்து கதாநாயகிகள் தொடர்ந்து வரத் தொடங்கியதும், தமிழ்த் திரையின் கதாநாயகி தமிழ் பேசத் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்ற தேவையே இல்லாமல் போனது. ஆண்களுக்கும் இரவல் குரல் உண்டு. மோகனுக்கு எஸ்.என். சுரேந்தர் பேசியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆணுக்கு அது விதிவிலக்கு, பெண்ணுக்கு அதுவே நடைமுறை.

ரோகிணி 1969இல் ஆந்திரத்தின் அனகாபள்ளியில் பிறந்தவர். 1970களின் நடுவில் தெலுங்குப் படங்களில் குழந்தை நட்சத்திரமாக நடிக்கத் தொடங்கினார். 80களில் மலையாளத்தில் கதாநாயகி. தமிழில் பாலுமகேந்திராவின் 'மறுபடியும்' (1993) போன்ற படங்களில் குணச்சித்திர வேடங்கள். தெலுங்குப் படமான 'ஸ்த்ரீ'யில் நடித்ததற்காகத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பைப் பெற்றார். பின்னாளில் குழந்தை நட்சத்திரங்களின் வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 'பச்சைக்கிளி முத்துச்சரம்' (2007) படத்துக்குப் பாட்டும் எழுதினார்.

இதே ஆண்டுகளில் அவர் செய்த இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாதது. மணிரத்னத்தின் 'கீதாஞ்சலி'யில் (1989) கிரிஜாவுக்கும், 'பம்பாய்' (1995) படத்தில் மனீஷா கொய்ராலாவுக்கும், 'இருவர்' (1997), 'ராவணன்' (2010) படங்களில் ஐஸ்வர்யா ராய்க்கும் பேசியது ரோகிணியின் குரல். கலவரத்தில் பிள்ளைகளைத் தொலைத்த ஷைலாபானுவின் பதற்றத்தை நாம் மனீஷாவின் கண்களில் பார்த்தோம், ரோகிணியின் தொண்டையிலிருந்து கேட்டோம். அழுகைக்கு விருதும் புகழும் வரும்போது அவை முகத்தின் முகவரிக்குத்தான் போகும்.

டப்பிங் என்றால் எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது என்று நினைக்கிறவர்கள் உண்டு. இருட்டு அறையில், திரையில் ஓடும் துண்டுக் காட்சியைப் பார்த்தபடி, இன்னொரு பெண்ணின் உதடு திறக்கும் நொடியில் வாய் திறந்து, மூடும் நொடியில் மூட வேண்டும். அவள் மூச்சிறைத்தால் இவளும் மூச்சிறைக்க வேண்டும். அவள் ஓடியிருப்பாள், இவளோ அசையாமல் நின்ற இடத்திலேயே ஓடிய மூச்சை வரவழைக்க வேண்டும். இது முழு நடிப்பு. இதற்கு மாநில அரசு விருது கொடுக்கிறது, தேசிய விருதுகளில் தனிப் பிரிவு இல்லை.

பெயர் மறைவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'மணிச்சித்ரதாழ்' (1993) சாட்சி. அதில் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கங்காவுக்குப் பேசியவர் பாக்யலட்சுமி. நாகவல்லியாக மாறிய பின் கேட்கும் தமிழ்க் குரல் துர்காவுடையது. ஆனால் இரண்டையும் பாக்யலட்சுமியே பேசினார் என்றுதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் நம்பியது. இயக்குநர் பாசில் உண்மையை வெளிப்படையாகச் சொன்னது 2016இல். துர்காவுக்கு அவருடைய குரல் திரும்பக் கிடைக்க அவ்வளவு காலம் ஆனது.

ரோகிணி தன் முகத்தோடும் குரலோடும் ஒருசேர நின்ற வேடங்களில் முக்கியமானது 'மகளிர் மட்டும்' (1994) பாப்பம்மா. ஆயத்த ஆடை நிறுவனத்தில் துப்புரவு வேலை செய்கிறவள். ரேவதியும் ஊர்வசியும் அலுவலகப் பெண்களாக வர, மூவரும் சேர்ந்து மேலதிகாரியின் பாலியல் தொல்லையை எதிர்கொள்கிறார்கள். நகைச்சுவைப் படம்தான். ஆனால் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது 1997இல், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது 2013இல். சட்டத்துக்கு முன்பே, படத்தில் மிகக் குறைந்த கூலி வாங்கும் பெண் மெட்ராஸ் தமிழில் அதைப் பேசிவிட்டாள். பத்தாண்டு கழித்து 'விருமாண்டி'யில் (2004) ரோகிணி ஏற்ற ஏஞ்சலா காத்தமுத்து, சிறைக்குள் போய்க் கைதிகளின் கதைகளைக் கேட்கிறவள். பேசியவள் அங்கே கேட்பவளாகிறாள்.

திரைக்கு வெளியே பேசினால் என்ன ஆகும் என்பதை 2018 காட்டியது. பாலியல் துன்புறுத்தல் புகாரை வெளிப்படையாகச் சொன்ன சின்மயி, அதே ஆண்டு நவம்பரில் டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சொல்லப்பட்ட காரணம் சந்தா பாக்கி. '96' படத்தில் த்ரிஷாவின் ஜானுவுக்குப் பேசி நாடே கேட்ட குரல் அது. அவர் மறுபடி த்ரிஷாவுக்குத் தமிழில் பேசியது 2023இல், 'லியோ'வில். இரவல் கொடுக்கும்வரை அந்தக் குரலை எல்லோருக்கும் பிடித்திருந்தது. தனக்காகப் பேசியபோதுதான் சிக்கல் வந்தது.

2024 ஆகஸ்டில் மலையாளத் திரையுலகைப் பற்றிய ஹேமா குழு அறிக்கை வெளியானது. அதன் அதிர்வில், செப்டம்பர் 4 அன்று தென்னிந்திய நடிகர் சங்கத்தின் பாலியல் புகார் குழு சென்னையில் கூடியது. அதன் தலைவர் ரோகிணி. பாப்பம்மா பேசி முப்பது ஆண்டுகள் கழித்து, புகார் கேட்கும் நாற்காலியில் அவர். குற்றம் உறுதியானால் ஐந்து ஆண்டுகள் திரைத்துறையில் பணியாற்றத் தடை விதிக்கப் பரிந்துரைப்பது என்று முடிவானது. பெண்கள் முதலில் குழுவிடம் வர வேண்டும், ஊடகத்தில் நேரடியாகப் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளப்பட்டது. இந்தக் கடைசி வரி எனக்கு உறுத்துகிறது. விசாரணைக்கு அந்தரங்கம் தேவை என்பது நியாயம். ஆனால் வெளியே பேசிய பெண் வேலை இழந்ததைப் பார்த்த துறையில், உள்ளே மட்டும் பேசு என்பது பழைய டப்பிங் அறையின் இருட்டை நினைவூட்டுகிறது. ரோகிணி மீது நம்பிக்கை வைக்கக் காரணங்கள் நிறைய உண்டு. அந்த நம்பிக்கை ஒரு தனிமனுஷியோடு முடிந்துவிடாமல் அமைப்பின் பழக்கமாக வேண்டும்.

மாணவிகளுக்கு ஒன்று. 2013 சட்டம் சினிமாவுக்கு மட்டுமானதல்ல. பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும், திண்டிவனத்து ஜவுளிக்கடை ஆனாலும் விழுப்புரத்துக் கல்லூரி ஆனாலும், உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைமை ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். நீங்கள் படிக்கிற, வேலை பார்க்கிற இடத்தில் அந்தக் குழுவின் தலைவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் சொல்ல யாருக்கும் தெரியவில்லை என்றால், முதல் புகாரை அதைப் பற்றியே எழுதலாம்.