ரஜூலா: டெக்கில் போனவர்களின் கப்பல்

ஆவுடையார்கோவிலின் பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்க வந்த அமைச்சர் வாதவூரர், இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, கொண்டுவந்த பணத்தையெல்லாம் கோயிலுக்குச் செலவழித்து மாணிக்கவாசகர் ஆன கதை ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நரி பரியானதும் பரி நரியானதும்தான் அந்தக் கதையில் எல்லோருக்கும் பிடித்த இடம். எனக்கு அதன் தொடக்கம் பிடிக்கும். கீழைக் கடற்கரையில் கப்பலில் குதிரை வந்து இறங்கியிருக்கிறது என்று மதுரைக்குச் சேதி போகிறது. அந்தச் சேதி இல்லாவிட்டால் கோயிலும் இல்லை, கொடுங்கைகளும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரைக்கும் கப்பலுக்குமான கொடுக்கல் வாங்கல் தலைகீழாகிவிட்டது. குதிரை இறங்கிய கரையிலிருந்து ஆள் ஏறினார்கள். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மீமிசல், கோட்டைப்பட்டினம் என்று எங்கள் பக்கத்தில் எந்த ஊரில் விசாரித்தாலும் மலேயா போன ஒருவர் கதையாவது கிடைக்கும். அதைச் சொல்பவர் வயதானவராக இருந்தால் கூடவே ஒரு கப்பல் பெயரும் வரும். எங்கள் அப்பத்தா அதை ‘ரசூலா’ என்றுதான் சொல்லும். ஏதோ முஸ்லிம் முதலாளியின் கப்பல் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

எஸ்.எஸ். ரஜூலா, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் கட்டுமானத் தளத்தில் 1926இல் தண்ணீரில் இறக்கப்பட்டது. மொத்தக் கொள்ளளவு 8,478 டன். ரஜூலா என்பது குஜராத்தில் ஓர் ஊர். அந்தக் கம்பெனிக்காரர்கள் இந்திய ஊர்ப் பெயர்களில் ‘ஆ’ என்று முடிவதாகப் பார்த்துக் கப்பல்களுக்கு வைப்பார்கள். கப்பல் ஓடிய பாதை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற இன்றைய கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர். பிறகு அதே வழியில் திரும்பி வரும். நடுவில் உலகப் போருக்காகப் பிடுங்கிக்கொண்ட காலத்தை விட்டால் 1973 வரை இதுதான் அதன் வேலை. ஒரு பயணிகள் கப்பலுக்கு 47 வருஷம் என்பது சாதாரண வயசு இல்லை. 25, 30 வருஷத்திலேயே பெரும்பாலானவை உடைக்கப்பட்டுவிடும்.

இந்த நீண்ட ஆயுளைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே ஸ்காட்லாந்துக்காரனின் உழைப்பு, பழைய இரும்பு என்று ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு வேறொரு காரணம் தோன்றுகிறது. இந்தக் கப்பலில் போனவர்களுக்கு இதைவிட நல்ல கப்பல் வேண்டும் என்று நினைக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

ரஜூலாவில் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இருந்தன. கேபின், மேசை, வெள்ளை விரிப்பு எல்லாம் உண்டு, கொஞ்சப் பேருக்கு. மற்றவர்கள் டெக் பயணிகள். கப்பல் புதிதாக வந்தபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. ஏறக்குறைய 460 அடி நீளமுள்ள கப்பலில் ஐயாயிரம் பேர்! ஒரு பெரிய கிராமத்தையே தூக்கி மேல்தளத்திலும் அதற்குக் கீழே இருக்கும் தளங்களிலும் பாய் விரித்துப் படுக்க வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. டெக் பயணிக்குக் கட்டில் கிடையாது, எண் போட்ட இடமும் கிடையாது. முந்தி ஏறியவனுக்குக் காற்று வரும் மூலை. பிந்தி ஏறியவனுக்கு எந்திர அறைச் சூடு.

கடலில் இவ்வளவு பேருக்கும் என்ன பாதுகாப்பு? 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகில் இடம் வேண்டும் என்று உலக நாடுகள் கூடிப் பேசின. 1929இல் லண்டனில் கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலேயே ஒரு விலக்கும் எழுதி வைத்தார்கள். ஹஜ் பயணம் போன்ற தனி வகைப் போக்குவரத்தில், படுக்கையில்லாப் பயணிகளைப் பெருமளவில் ஏற்றும் கப்பல்களுக்கு எல்லா விதிகளையும் அமல்படுத்துவது நடைமுறையில் இயலாதென்றால் சிலவற்றைத் தளர்த்தலாம் என்று. அதற்கான தனி விதிகளை 1931இல் சிம்லாவில் கூடி வகுத்தார்கள். சிம்லா விதிகள் என்று பெயர். டெக் பயணிக்குக் கேபின் பயணியைவிடக் குறைந்த ஏற்பாடு போதும் என்பதைச் சட்டமாகவே எழுதியாகிவிட்டது. எழுதிய இடம் குளிர்ச்சியான மலைமேல்.

எங்கள் பக்கத்து ஆட்கள் கப்பலுக்குப் போன வழி இது. அறந்தாங்கியில் ரயில் ஏறிப் பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, திருவாரூர் வழியாக நாகப்பட்டினம். தோட்ட வேலைக்குப் போகிறவர்களை அங்கே முகாமில் தங்க வைத்து, அம்மை குத்தி, வைத்தியப் பரிசோதனை பண்ணி, கப்பல் வரும்வரை காக்க வைப்பார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிவருகிறவர் கங்காணி. அவரும் பெரும்பாலும் அதே பக்கத்து ஊர்க்காரர், முன்னால் போய் வந்தவர். பயணச் செலவை மலேயாவில் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து வைத்த குடியேற்ற நிதி ஏற்கும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையணையும் ஆழம் இல்லை. ரஜூலா தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், அலையில் ஆடுகிற ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். கடலையே பக்கத்தில் பார்த்திராத வயல்காட்டுக்காரர்கள் அவர்கள். அப்பத்தா சொல்லும்: “ஏணியில கால வச்சப்பதான்டா ஊரு போச்சுன்னு தெரிஞ்சுச்சு. அதுவரைக்கும் திருவிழாவுக்குப் போற மாரிதான் இருந்துச்சு.”

பினாங்குக்கு ஏறக்குறைய ஒரு வாரம். கப்பலில் சமைக்கிறவர் பண்டாரி, மாலுமிகளுக்கு மேஸ்திரி செராங்கு. சைவத்துக்குத் தனிச் சமையல், அசைவத்துக்குத் தனி. ஊரில் எந்தெந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்று கணக்கு வைத்திருந்த ஆட்கள் இங்கே பாயோடு பாய் ஒட்டிப் படுத்தார்கள். இதைப் பெரிய சமூகப் புரட்சியாக எழுத ஆசைதான். ஆனால் அப்பத்தாவிடம் கேட்டால், “பக்கத்துல யாரு படுத்திருக்கான்னு யாரு பாத்தா? வாந்தியத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தோம்” என்று முடித்துவிடும். போய் இறங்கியதும் நேரே தோட்டமும் இல்லை. பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவில் டெக் பயணிகளைத் தனிமைப்படுத்தி வைப்பார்கள். அங்கே மருந்துத் தண்ணீரில் குளியல், துணிகளை ஆவியில் வேக வைப்பது, மறுபடி அம்மை பார்ப்பது. கேபினில் வந்தவர்களுக்கு இந்த மரியாதை நடக்காது.

1938இல் இந்திய அரசு, நிதியுதவியோடு ஆள் அனுப்பும் முறையை நிறுத்தியது. மலேயாவில் ரப்பர் விலை சரிந்தபோதெல்லாம் ஆட்களைத் திருப்பி அனுப்புவதும், கூலியைக் குறைப்பதும், ஏறும்போது மறுபடி கூப்பிடுவதுமாக இருந்ததில் வந்த கோபம். அதோடு கங்காணியின் காலம் முடிந்தது. சொந்தக் காசில் டிக்கெட் எடுப்பவர்களும் வியாபாரிகளும் கப்பலில் தொடர்ந்து போனார்கள்.

பிறகு போர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. பாதை அறுந்துபோனது. மூன்றரை வருஷம் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. அங்கே ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இங்கே இருந்த பெண்டாட்டிகளுக்குத் தாலியை என்ன செய்வதென்று தெரியவில்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மெடானிலும் பினாங்கிலும் நடப்பது இந்த அறுந்த காலத்தில்தான்.

ரஜூலாவைத் துருப்புக் கப்பலாக்கினார்கள். ரோனா என்று அதற்கு ஒரு ஜோடிக் கப்பல் இருந்தது. அதே வருஷம், அதே கம்பெனி, அதே பாதைக்காகக் கட்டப்பட்டது. அதுவும் எங்கள் ஆட்களை ஏற்றிய கப்பல்தான். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் அமெரிக்கச் சிப்பாய்களோடு போய்க்கொண்டிருந்தபோது, ஜெர்மன் விமானம் ஒன்று வானொலி அலையால் வழிநடத்தப்படும் குண்டை ஏவியது. கப்பல் மூழ்கியது. இறந்தவர்கள் 1,100க்கு மேல், அதில் 1,015 பேர் அமெரிக்கத் துருப்புகள். கப்பல் பணியாளர்களிலும் நூறு பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்திய லஸ்கர்கள். படகுகள் பல இறங்கவில்லை, இறங்கியவை கவிழ்ந்தன. வழிநடத்தும் குண்டைப் பற்றி வெளியே தெரியக் கூடாதென்று அமெரிக்க அரசு இதைப் பல வருஷம் மூடி வைத்திருந்தது. இன்று ரோனாவைப் பற்றி அமெரிக்காவில் புத்தகங்கள் இருக்கின்றன, அலபாமாவில் நினைவுச்சின்னம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஏணி பிடித்து ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது. ரஜூலா தப்பித்தது. அதனால்தான் அதன் பெயர் நம் வீடுகளில் தங்கியது.

போருக்குப் பிறகு ரஜூலா பழைய வழிக்கே திரும்பியது. டெக் பயணிகளின் எண்ணிக்கையை நன்றாகக் குறைத்துவிட்டார்கள். கப்பல் பார்க்க அதேதான். ஆனால் ஏறியவர்கள் வேறு. இப்போது பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார். போகும்போது வெங்காய மூட்டை, மிளகாய், ஊறுகாய்ப் பானை. வரும்போது ட்ரங்குப் பெட்டி நிறையக் கைலி, கோடாலித் தைலம், மைலோ டப்பா. ‘ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்’ என்ற இந்தியக் கப்பலும் இதே பாதையில் ஓடியது. ரஜூலாவை ஒரு பாசக் கப்பலாக நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் காலத்தைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு அந்தப் பாசத்தில் முழுச் சம்மதம் இல்லை. எங்கள் வீட்டிலேயே காரணம் இருக்கிறது. அப்பத்தா 1951இல் கெடா தோட்டத்திலிருந்த ஐயாவிடம் போனது. 1953இல் மலாயாவில் புதுக் குடியேற்றச் சட்டம் வந்தது. வெளியிலிருந்து புதிதாக ஆள் நுழைவது மிகவும் இறுக்கமானது. அங்கே இருப்பவர் ஊருக்கு வந்து திரும்ப வேண்டுமானால் மறுநுழைவு அனுமதி வேண்டும், அதற்குக் கெடு உண்டு. 1956இல் அப்பத்தா தன் தாயாருக்கு முடியவில்லை என்று என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தது. தாயார் உடனே சாகவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. கெடு தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு பதினான்கு வருஷத்தில் ஐயா மூன்று தடவை வந்துபோனார், மூன்று தடவையும் ரஜூலாவில். என் அப்பாவுக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் இருக்கிறார்கள். அவர்கள் வயதைக் கேட்டால் கப்பல் வந்த வருஷங்களைச் சொல்லிவிடலாம்.

1969இல் மலேசியாவில் இனக் கலவரம் நடந்தது. அதே வருஷம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. இருபது முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவியவர்கள், அந்த ஊரிலேயே பிறந்தவர்கள்கூட, காகிதம் இல்லாததால் அந்நியரானார்கள். பல்லாயிரம் பேர் பெட்டி கட்டினார்கள். பாதையின் கடைசிச் சில வருஷங்களில் ரஜூலா ஏற்றி வந்தவர்களில் இவர்கள் நிறைய. ஐயா 1970இல் வந்தார். 1938க்கு முன்னால் இந்தக் கப்பல் கொண்டுபோய் இறக்கிய ஆட்களில் சிலரையே அது திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. கொண்டுபோனபோது அவர்களுக்கும் கப்பலுக்கும் இளவயசு.

1971இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள் தாய்க் கம்பெனியான பி அண்ட் ஓவின் கணக்குக்குள் போயின. அதே வருஷம்தான் சிம்லா விதிகளின் இடத்தில் தனிவகைப் பயணிக் கப்பல்களுக்கான புது ஒப்பந்தம் வந்தது. 1973இல் ரஜூலாவை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரில் ‘ரங்கத்’ என்று மாற்றியது. 1974இல் பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அந்த வருஷம் ஜனவரியில்தான் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. அதனால் எங்கள் பக்கத்தில் ரஜூலாவில் போன எவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தாலும் ஊர் ஆவுடையார்கோவில், மாவட்டம் தஞ்சாவூர் என்றிருக்கும்.

அந்தப் பாதைக்கு வந்த அடுத்த கப்பல் எம்.வி. சிதம்பரம். பிரான்சில் பாஸ்டர் என்ற பெயரில் கட்டியதை, வ.உ.சி. பிறந்து நூறு வருஷமான 1972இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கியது. குளிர்சாதனம், படுக்கை, நீச்சல் குளம் என்று ரஜூலாவோடு ஒப்பிடவே முடியாத கப்பல். 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். ரஜூலா 47 வருஷம் ஓடிய பாதையில் இது 12 வருஷம்தான் ஓடியது. அதற்குப் பிறகு அங்கே கப்பல் இல்லை. இப்போது எங்கள் ஊர்ப் பையன்கள் திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். கோலாலம்பூருக்கு நாலு மணி நேரம். ஏஜென்ட் மட்டும் பழையபடி அதே பக்கத்து ஊர்க்காரர், முன்னால் போய் வந்தவர்.