மூணே நிமிஷம்!

பாண்டவர்களை உயிரோடு கொளுத்த துரியோதனன் ஓர் அரக்கு மாளிகை கட்டினானே, ஞாபகம் இருக்கிறதா? அதே அரக்கைத்தான் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகம் பூராவும் சுழலவிட்டுப் பாட்டுக் கேட்டது! தாத்தா காலத்து கிராமபோன் தட்டு என்பது அரக்கோடு கல்மாவு, கரி எல்லாம் கலந்து சூடாக அழுத்திய சமாசாரம். அந்த அரக்கு நம்ம ஊர்ச் சரக்கு. சோட்டாநாக்பூர் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டிப் பூச்சி கசியவிடுகிற பிசின். பழங்குடி மக்கள் சுரண்டி எடுத்துக் கொடுத்த அந்தப் பிசின் கல்கத்தாவில் கப்பலேறி அமெரிக்கா போனது. பென்னி குட்மனின் கிளாரினெட்டும் டியூக் எலிங்டனின் பியானோவும் கவுண்ட் பேஸி குழுவின் அட்டகாசமும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது அந்தப் பூச்சியின் புண்ணியத்தில்தான்!

1935-லிருந்து பத்து வருஷம் போல அமெரிக்காவை ஆட்டிவைத்த இந்த ஜாஸுக்கு 'ஸ்விங்' என்று பெயர். பதினைந்து பேர் மேடையில் உட்கார்ந்து ஊத, கீழே ஆயிரம் ஜோடிகள் ஆடும். அந்த இசையை இன்றைக்குக் கேட்க வேண்டுமென்றால் நமக்கு மிச்சமிருப்பது தட்டுகள்தான். அதில் ஒரு தொல்லை.

நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூணு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடக் கொள்ளும். அவ்வளவுதான். ராகம் இப்போதுதான் சூடு பிடிக்கிறது என்கிறபோது என்ஜினீயர் கடிகாரத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? நம் கர்நாடக வித்வான்களும் இந்த அவஸ்தையைப் பட்டவர்கள்தான். நடன அரங்கில் விடிய விடிய வாசித்தவர்களை நாம் எடைபோடுவது, ஸ்டுடியோவில் மூணு நிமிஷத்துக்கு நறுக்கிய துண்டுகளை வைத்து!

அந்தத் துண்டுகளுக்கும் ஆபத்து வந்தது. 1942-ல் போர்த் தேவைக்கு அரக்கு வேண்டும், கடல் வழியெல்லாம் சண்டை. இசைத்தட்டுக்கு அரக்குச் செலவை 70 சதவிகிதம் வெட்டியது அமெரிக்க அரசு. புதுத் தட்டு செய்யப் பழைய தட்டுகளைப் பொடித்துப் போட்டார்கள். ஜனங்களும் தேசபக்தியோடு வீட்டிலிருந்த தட்டுகளை மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். எந்தெந்தப் பாட்டு அந்த மூட்டைகளில் போனதோ... அதே வருஷம் ஆகஸ்ட் 1-ம் தேதி இன்னொரு இடி. வானொலியும், காசு போட்டால் பாடும் பெட்டியும் கலைஞர்களின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று இசைக்கலைஞர் சங்கம் 'இனி யாரும் தட்டுக்கு வாசிக்கக் கூடாது' என்று அறிவித்துவிட்டது. டெக்கா கம்பெனி 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை முறுக்கிக்கொண்டு நின்றன.

சங்கத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. கவுண்ட் பேஸி டெக்காவோடு போட்ட முதல் ஒப்பந்தத்தைப் பாருங்கள்... வருஷத்துக்கு 24 பாட்டு, 750 டாலர். ராயல்டி? ஒரு பைசா கிடையாது!

சரி, மூணு நிமிஷத்துக்கு மேல் வாசித்ததெல்லாம் காற்றோடு போயிற்றா?

இல்லை. பில் சாவரி என்று ஓர் இளைஞர். நியூயார்க்கில் வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்டு, வாடிக்கையாளர்களுக்காகப் பதிவு செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. ராத்திரி ஆனால் நடன அரங்குகளிலிருந்து நேரடி ஒலிபரப்பு வரும். தனக்குப் பிடித்ததையெல்லாம் பெரிய தட்டுகளில், மெதுவான வேகத்தில், முழுசாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டார் மனுஷன். யாரும் கேட்கவில்லை, காசும் தரவில்லை. ஆசை, அவ்வளவுதான்!

அவர் வாழ்க்கையில் ஒரு சுவாரஸ்யமான முடிச்சு. 1938 ஜனவரி 16-ம் தேதி கார்னகி ஹாலில் பென்னி குட்மன் குழு கச்சேரி செய்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் உட்கார்ந்து வாசித்த கச்சேரி. அதைத் தன் செலவில் பதிவு செய்ய ஏற்பாடு செய்தவர் ஆல்பர்ட் மார்க்ஸ். எதற்கு? மனைவிக்குப் பரிசாக! அந்த மனைவி ஹெலன் வார்ட், குட்மன் குழுவின் முன்னாள் பாடகி. ஒரு பிரதி குட்மன் வீட்டு அலமாரியில் பன்னிரண்டு வருஷம் தூங்கியது. 1950-ல் அதை எல்.பி. தட்டாக்கியபோது ஒலியை மாற்றிக் கொடுத்தவர் நம்ம சாவரி. பிற்பாடு ஹெலன் வார்டைக் கல்யாணம் செய்துகொண்டவரும் அவரே!

ஆனால் தன் சொந்தப் பொக்கிஷத்தில் குட்மன் பதிவுகள் கொஞ்சத்தைத் தவிர அவர் வெளியே விடவில்லை. லோரன் ஷோன்பெர்க் என்ற இசைக்கலைஞர் வருஷக்கணக்கில் பின்னாலேயே அலைந்தார். 'ஒரு தடவை கேட்க விடுங்க சார்' கதைதான். ம்ஹூம்! 2004-ல் சாவரி காலமானார். 2010-ல் அவர் மகனைத் தேடிப் பிடித்து இல்லினாய் மாநிலத்துக்கு லாரியோடு போனார் ஷோன்பெர்க். அப்போது அவர் ஹார்லெம் ஜாஸ் மியூசியத்தின் தலைவர். பெட்டிகளுக்குள் ஏறக்குறைய ஆயிரம் தட்டுகள், நூறு மணி நேரத்துக்கு மேல் இசை!

காற்பங்கு நல்ல நிலையில் இருந்தது. பாதியைப் படாதபாடு பட்டு மீட்கலாம். மீதிக் காற்பங்கு படுமோசம். அதில் சிலவற்றின் மேல் ஊசி வைக்கவே முடியாது. இங்கேதான் எனக்கு சாவரி மேல் கோபம் வருகிறது. அவர் இல்லாவிட்டால் எதுவுமே இல்லை, வாஸ்தவம். ஆனால் முப்பது வருஷம் முன்னாடியே திறந்துவிட்டிருந்தால்? வாசித்தவர்களில் எத்தனையோ பேர் உயிரோடு இருந்து கேட்டிருப்பார்களே!

வாரிசுகளோடு பேசி முடித்து இணையத்தில் விற்பனைக்கு வர 2016 ஆனது. 2018-ல் மொசைக் நிறுவனம் ஆறு சி.டி. கொண்ட பெட்டியாகக் கொண்டுவந்தது. இந்த மொசைக்கே ஒரு தனிக்கதை. மைக்கேல் கஸ்கூனா, சார்லி லூரி என்ற இரண்டு ஜாஸ் பைத்தியங்கள் 1980-களின் ஆரம்பத்தில் தொடங்கியது. பெரிய கம்பெனிகள் கிடங்கில் போட்டு மறந்த பதிவுகளைக் குத்தகைக்கு வாங்கி, கறுப்புப் பெட்டியில் போட்டு, எண் குறித்து, சில ஆயிரம் பிரதிகள் மட்டும் தபாலில் விற்பார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். கூடவே, யார் எந்த தேதியில் எந்த வாத்தியம் வாசித்தார் என்று வரிவரியாகச் சொல்லும் புத்தகம். 2024-ல் கஸ்கூனாவும் மறைந்துவிட்டார்.

இந்தப் பெட்டி வாங்குகிறவர்களிடம் ஒரு வியாதி உண்டு. எனக்கும் இருக்கிறது. நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த பெட்டி ஒன்றை ஞாயிற்றுக்கிழமை போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே பாட்டு, மூன்று 'டேக்'. சமையலறையிலிருந்து குரல் வந்தது... 'ஏங்க, தட்டு மாட்டிக்கிச்சா?' மூன்றிலும் சாக்ஸபோன் வேறு வேறு வழியில் போகிறது என்று விளக்கப் போனேன். காபி கிடைக்கவில்லை!

ஐரோப்பாக்காரர்கள் இதே பழைய பாட்டுகளை மலிவுப் பெட்டியில் போட்டு விற்றார்கள். திருட்டு இல்லை, சட்டப்படிதான். அங்கே அப்போது 50 வருஷத்தில் பதிவின் உரிமை முடிந்துவிடும். நம் நாட்டில் 60. அமெரிக்காவிலோ 2018-ல் வந்த சட்டப்படி 1938-ல் வெளியான தட்டுக்கு 2038 முடியும் வரை பூட்டு! அதுவரை யாராவது அலமாரியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாவரி பெட்டியில் கோல்மன் ஹாக்கின்ஸ் வாசித்த 'பாடி அண்ட் ஸோல்' இருக்கிறது. 1939 அக்டோபரில் அவர் அதை ஸ்டுடியோவில் மூணு நிமிஷத்துக்குள் வாசித்த தட்டு உலகப் பிரசித்தம். ஜாஸ் படிக்கிற பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள். சாவரி பிடித்தது 1940 மே மாதம், நடன அரங்கிலிருந்து வந்த ஒலிபரப்பு. மூணு நிமிஷம் தாண்டுகிறது. நாம் பழக்க தோஷத்தில் முடியப்போகிறது என்று காத்திருக்கிறோம். ஹாக்கின்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறார். அந்த வாசிப்பு ஏறக்குறைய ஆறு நிமிஷம்.