தேவரடியார்: மதிப்புப் பெயர் வசைச்சொல்லான வரலாறு

முன்னுரை

இருவரிடையே பூசல் முற்றும்போது பேசுபொருள் பின்தள்ளப்பட்டு ஆளைத் தாக்கும் சொல் முன்வருகிறது. எதிரே நிற்பவர் பெண்ணாயின் அச்சொல் பெரும்பாலும் அவருடைய கருத்தைச் சாடுவதில்லை, ஒழுக்கத்தையே சாடுகிறது. எதிரே நிற்பவர் ஆணாயினும் அவரை நோக்கி எறியப்படும் கடுஞ்சொல் அவ்விடத்தில் இல்லாத அவர் தாயின்மீது சென்று படுகிறது. தமிழ்ப் பேச்சுவழக்கில் இவ்விரு நிலைகளிலும் பயன்படும் சொற்களுள் ஒன்று 'தேவடியாள்' என்பதாகும். கோயிற் கல்வெட்டுகளில் மதிப்புடன் பொறிக்கப்பட்ட 'தேவரடியார்' என்னும் பெயரே இவ்வாறு திரிந்தது. அத்திரிபின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வெட்டுகளில் கோயிற் பெண்டிர்

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகைக் கல்வெட்டு, முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகக் குறிக்கிறது. அவர்கள் முன்பு பணிபுரிந்த ஊரும் கோயிலும் உடன் குறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளைவுடைய பங்கும் வழங்கப்பட்டன. ஒருவர் இறந்தால் அவருடைய உறவினருள் தகுதியுடையவர் அப்பணியையும் பங்கையும் பெறவும் வழி செய்யப்பட்டது. பிற சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார் கோயில்களுக்குப் பொன்னும் விளக்கும் நிலமும் அளித்த கொடையாளராகவும் காணப்படுகின்றனர்.

எனினும் அக்காலத்தை மாசற்ற பொற்காலமாகக் கொள்வதற்கில்லை. வறுமையால் கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டோரையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆயினும் 'தேவரடியார்' என்னும் பெயர் அங்கு இழிவைச் சுட்டவில்லை என்பது தெளிவு. 'அடியார்' என்பது இறைத்தொண்டரைக் குறிக்கும் உயர்ந்த சொல். சிவனடியார், திருமாலடியார் என்னும் வழக்குகளில் அது இன்றளவும் மதிப்புக் குன்றாமல் நிற்கிறது. பெண்டிரைக் குறித்த வழக்கில் மட்டும் மதிப்புப் பன்மையாகிய 'ஆர்' ஈறு மறைந்து, ஒருமை ஈறு நிலைபெற்றுச் சொல்லும் சிதைந்தது. மொழியியலார் இழிபொருட்பேறு என்று கூறும் மாற்றம் இது. ஒரே அடிச்சொல் ஒரு பாலாரிடத்து உயர்வும் மற்றொரு பாலாரிடத்து இழிவும் பெற்றமையால், இம்மாற்றத்தின் காரணத்தைச் சொல்லில் அன்றிச் சமூகத்திலேயே தேடவேண்டும்.

வாழ்வாதாரத்தின் சரிவு

அரசவைகளும் கோயில் வருவாயும் தளர்ந்தபோது இப்பெண்டிரின் பங்கும் பணியும் சுருங்கின. செல்வரின் ஆதரவை நாடி வாழும் நிலை மிகுந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், பரத்தைமைக்காகச் சிறுமியரை விற்றலையும் வாங்கலையும் குற்றமாக்கிய 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் பொட்டுக்கட்டும் வழக்கத்தின்மீதும் ஏவப்பட்டன. ஆடலும் பாடலும் கோயிற்பணியும் பின்தள்ளப்பட, பரத்தைமை என்னும் ஒரு பொருளே அப்பெயருக்கு உரியதாக நிலைத்தது. அவர்களை நாடிச் சென்ற ஆடவரைக் குறிக்க அதற்கு நிகரான வசைச்சொல் எதுவும் நிலைபெறவில்லை.

ஒரு நூலும் ஒரு பூசலும்

வசைச்சொல் கருத்துப்போரில் எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு முத்துப்பழனியின் நூல் சான்றாகும். தஞ்சை மராத்திய மன்னன் பிரதாபசிம்மனின் (1739–1763) அவையைச் சார்ந்த அவர் தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' என்னும் சிருங்கார காவியத்தை இயற்றினார். தெலுங்கு அறிஞர் கந்துகூரி வீரேசலிங்கம் அந்நூலைப் பழித்ததோடு அமையாமல், அதை இயற்றியவரின் ஒழுக்கத்தையும் பழித்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் அதன் முழுப் பதிப்பை வெளியிட்டபோது இதற்கு விடையளித்தார். நாணம் என்பது பெண்ணுக்கு மட்டுமே உரியதா, ஆடவர் இயற்றிய சிருங்கார நூல்களுக்கு இக்கண்டனம் ஏன் எழவில்லை என்பன அவர் வினாக்களின் சாரம். அவ்வினாக்களுக்குப் பின்னரும் அரசு அந்நூலைத் தடைசெய்தது. 1947-இல்தான் அத்தடை நீங்கியது. நூலைப் பற்றிய மாறுபாடு ஆசிரியையின் குலத்தையும் ஒழுக்கத்தையும் பற்றியதாக மாற்றப்பட்டதே இப்பூசலின் இயல்பு.

சீர்திருத்தமும் பெயர் மாற்றமும்

சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் முறையை ஒழிக்க முயன்றார். அவருடைய தாயும் அம்மரபில் பிறந்தவரே. நாகரத்தினம்மாள் உள்ளிட்டோர், ஒழிப்புச் சட்டம் தங்கள் கலையையும் உரிமையையும் பறிக்கும் என எதிர்த்தனர். அம்மரபின் கொடுமைகளை அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினத்தை வெளியிட்டார். வழிகள் வேறாயினும் இருதரப்புப் பெண்டிரையும் ஒரே பழிச்சொல்லின் நிழல் தொடர்ந்தது. அச்சமூகத்தார் 'இசை வேளாளர்' என்னும் பெயரை ஏற்றது அந்நிழலிலிருந்து விலகும் முயற்சியாகும். சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதல் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

முடிவுரை

சட்டம் வழக்கத்தைத் தடைசெய்தது, சொல் எஞ்சியது. ஒரு பணியையும் மரபையும் சுட்டிய காலத்தில் அச்சொல்லுக்கு ஓர் எல்லை இருந்தது. அவை மறைந்தபின் எல்லையும் மறைந்து, மாற்றுக்கருத்துக் கூறும் எந்தப் பெண்ணின்மீதும் எறியத்தக்கதாயிற்று. 2023-இல் இந்திய உச்சநீதிமன்றம் வெளியிட்ட பாலினக் கையேடு, பெண்ணின் ஒழுக்கத்தைப் பழிக்கும் சொற்களை நீதிமன்ற எழுத்திலிருந்து விலக்குமாறு வழிகாட்டியது. எழுத்தில் விலக்குவது எளிது. பூசலில் விலக்குவது அரிது. இச்சொல்லை எறிபவர் எதிராளியின் கருத்துக்கு விடை கூறவில்லை. வீடும் நெல்லும் பெற்று, கல்லில் தம் பெயரும் ஊரும் பொறிக்கப்பெற்ற பெண்டிரின் வரலாற்றையே அவர் மீண்டும் ஒருமுறை அழிக்கிறார்.