நெய்யூருக்கு வந்த மலையேறி

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் குன்னத்துகால். அப்பகுதியின் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி டாக்டர் சோமர்வெல்லின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் (1890–1975) அறுவை மருத்துவர். எவரெஸ்ட் பயணத்தில் இருமுறை பங்கேற்று, இருமுறையும் உச்சியை அடையாமல் திரும்பியவர். திறந்தவெளிப் பொழுதுபோக்கு மனிதருக்கு வாழ்க்கை நிறைவைத் தருமா என்னும் வினாவை அவரது வரலாற்றின் வழியே ஆராயலாம்.

மகிழ்ச்சியும் நிறைவும் ஒன்றல்ல. மகிழ்ச்சி வந்து போகும் உணர்வு. நிறைவு என்பது தம் வாழ்வு முழுவதையும் நோக்கி ஒருவர் தாமே செய்யும் மதிப்பீடு. அதனை அளக்க 1985இல் எட் டீனரும் அவருடைய உடனாய்வாளர்களும் ஐந்து கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். தம் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து, அவ்வறிவால் எண்ணத்தையும் செயலையும் நெறிப்படுத்தும் ஆற்றலை, 1990இல் பீட்டர் சலோவியும் ஜான் மேயரும் உணர்வுசார் நுண்ணறிவு என வரையறுத்தனர். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, வாரந்தோறும் 120 நிமிடமேனும் இயற்கைச் சூழலில் கழிப்போரிடம் உடல்நலமும் மனநலமும் மேம்பட்டிருப்பதைக் கண்டது. ஆனால் அது காட்டியது தொடர்பையே. அத்தொடர்பு எவ்வழியே உண்டாகிறது என்பது தனி வினா.

சோமர்வெல் இளமையிலேயே மலையேற்றத்தில் ஈடுபாடு கொண்டவர், ஓவியரும்கூட. முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்து மருத்துவ முகாமில், சிகிச்சைக்காகக் காத்துக் கிடந்த காயமுற்றோரின் பெருந்திரளைக் கண்டார். அவருடன் பேசிய எவரும் தம்மை முதலில் கவனிக்குமாறு கேட்கவில்லை என்பது அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

1922 ஜூன் 7 அன்று எவரெஸ்ட்டில் அவரும் மல்லோரியும் இருந்த குழுவைப் பனிச்சரிவு தாக்கியது. சுமைதூக்கிகள் ஏழு பேர் மாண்டனர். ஆங்கிலேயருக்கு மலை விருப்பத்தின் களம். சுமை சுமந்தோருக்கோ அது கூலிவேலை. தங்களில் ஒருவரேனும் அவர்களோடு மாண்டிருக்கலாகாதா எனச் சோமர்வெல் வருந்தினார்.

அதன்பின் இந்தியாவைச் சுற்றிப்பார்த்துத் தென்கோடிக்கு வந்த அவர், 1838இல் தோன்றிய நெய்யூர் மிஷன் மருத்துவமனையைக் கண்டார். ஒரே ஓர் அறுவை மருத்துவர். வாயிலில் முடிவின்றிக் காத்திருந்த நோயாளர் கூட்டம். இலண்டனில் தமக்கென இருந்த உயர்ந்த வாய்ப்பைத் துறந்து, நெய்யூரிலேயே பணியாற்ற முடிவுசெய்தார். சமய நம்பிக்கைக்கும் அம்முடிவில் பங்குண்டு. எனினும், சோம் களத்திலும் பனிமலையிலும் பிறர் துயரை உணர்ந்த ஒருவரே நெய்யூரின் வரிசையைக் கண்டார் என்பதையும் மறத்தற்கில்லை.

அவர் மலையைத் துறக்கவில்லை. 1924இல் மீண்டும் எவரெஸ்ட் சென்றார். மேல்முகாமில் சிக்கிக்கொண்ட நான்கு சுமைதூக்கிகளை மீட்க நார்ட்டன், மல்லோரி ஆகியோருடன் திரும்ப மேலேறினார்; ஆபத்தான பனிச்சரிவைக் கடந்து அவர்களை நெருங்கியவர் அவரே. நால்வரும் உயிர் பிழைத்தனர். உச்சி ஏறும் திட்டத்தைவிட அந்நால்வரின் உயிரே அன்று முதன்மையாயிற்று. ஜூன் 4 அன்று ஆக்சிஜன் உருளையின்றி ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரம் எட்டியபோது கடும் இருமல் அவரைத் தடுத்தது. உச்சி எட்டாமலே நெய்யூருக்குத் திரும்பினார்.

பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்து, 1961இல் தாயகம் மீண்டார். மறு ஆண்டே பிரிட்டனின் ஆல்பைன் சங்கத் தலைவரானார். மலையும் மருத்துவமும் அவர் வாழ்வில் போட்டியிடவில்லை.

ஒருவரின் வாழ்வைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது. ஆயினும் ஆய்வாளர்க்கு இதில் ஒரு குறிப்பு உண்டு. எத்தனை மணி நேரம் வெளியில் கழித்தீர் என்பதோடு, அங்கு எவருடன் இருந்தீர், அவர்தம் நிலை உம்மை எவ்வாறு தொட்டது என்றும் வினவ வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறி நெய்யூர் தமிழகத்துக்கு வந்தது. குன்னத்துகாலும் காரக்கோணமும் கேரளத்தில் நின்றன. மலையேறியாக வந்த மருத்துவரின் நினைவு எல்லையின் இருபுறமும் இன்றும் நிலைத்திருக்கிறது.