தீப்பெட்டி லேபிளுக்கு வயசு பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி செய்த பழைய கிட்டாருக்கு வயசு கண்டுபிடிப்பது சுலபம். 1898-லிருந்து உள்ளே வரிசை எண் போடுறாங்க, பட்டியல்ல தேடினா வருஷம் வந்துடும். எங்க சாத்தூர் தீப்பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. லேபிள்ல புலி இருக்கும், மயில் இருக்கும், வருஷம் இருக்காது.

ஆனா துப்பு இருக்கு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய பிறகுதான் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வந்தது. அதற்கு முந்தைய லேபிள்னு இந்த ஊர் முகவரியோட யாராவது நீட்டினா நான் நம்ப மாட்டேன். 1934-ல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி போட்டாங்க. வரி கட்டியதுக்கு அடையாளமா பெட்டியில ஒட்டின பட்டைதான் பேண்ட்ரோல். அதோட இருந்தா, 1934-க்கு முன்னால போகவே முடியாது. ‘நயா பைசா’ன்னு விலை போட்டிருந்தா 1957 ஏப்ரலுக்குப் பிந்தையது. 626-ல் தொடங்கும் பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. அதே லேபிள்ல ராமநாதபுரம் மாவட்டம்னும் இருந்தா? விருதுநகர் தனி மாவட்டம் ஆனது 1985 மார்ச்சில். ஆக, 13 வருஷ இடைவெளிக்குள்ள பிடிச்சாச்சு.

கொஞ்சம் பொறுங்க. கோடு எழுதுறவங்களுக்கு இது புரியும்: கீழ் எல்லை உறுதி, மேல் எல்லை தளர்வு. பின்கோடு வர்றதுக்கு முன்னால அதை யாரும் அச்சடிச்சிருக்க முடியாது. ஆனா மாவட்டம் மாறின மறுநாளே, கட்டுக்கட்டா மிச்சமிருக்கிற லேபிளை எந்த முதலாளி குப்பையில போடுவார்? பழைய பிளாக்கை வச்சு மறுபடி அடிச்சாலும் பழைய முகவரிதான் விழும். அதனால ‘பிரிட்டிஷ் காலத்துச் சரக்கு’ன்னு சொல்லி யாராவது விலை கேட்டா, அதுல இருக்கிற ஆகப் புதிய துப்பை முதல்ல தேடுங்க. புலி எவ்வளவு பழசா முறைச்சாலும் பரவாயில்லை.

மதிப்புன்னு வந்தா வயசு பாதிதான். ஒட்டப்படாத உதிரி லேபிள் அச்சகத்து மிச்சமா இருக்கலாம், பிறகு அடிச்ச நகலாவும் இருக்கலாம். முழுப்பெட்டி அப்படியில்ல: மரச்சீவலா அட்டையா, பேண்ட்ரோல் கிழிஞ்ச விதம், உள்பெட்டியை மடிச்ச கைவேலை எல்லாமே சாட்சி. என் கணக்கில் அதுக்குத்தான் கூடுதல் காசு.

தாத்தா வீட்டுப் பரண்ல ஒண்ணு கிடைச்சா, லேபிளை உரிக்கத் தண்ணியில ஊறப் போடாதீங்க. பெட்டியோடயே வைங்க. எங்கே, யார்கிட்ட கிடைச்சதுன்னு ஒரு துண்டுத்தாள்ல எழுதி உள்ளே போட்டுடுங்க.