பிப்ரவரி 2: கிரவுண்ட்ஹாக் நாளின் கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

தை பிறந்தால் அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்வி வருகிறது. "டீச்சர், இங்கே ஸ்கூல்ல வாரத்துக்கு ஒரு 'டே' வெச்சிருக்காங்க. 21ஆம் தேதி அணில் நாள், 23ஆம் தேதி கையெழுத்து நாள், பிப்ரவரி 2 கிரவுண்ட்ஹாக் நாள். அதுக்குத் தொப்பி செய், இதுக்குப் படம் வரைன்னு குழந்தை உயிரை எடுக்குது. இதையெல்லாம் நாமளும் கொண்டாடணுமா? பொங்கலே மறந்துடும்போல இருக்கே."

நியாயமான கவலைதான். பதில் சொல்வதற்கு முன்னால் இந்த நாட்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம். உங்களுக்கு வகுப்பில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன்: ஒரு வழக்கத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முன் அதன் பிறந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவற்றில் பல நம்மைவிட வயதில் சின்னவை. கையெழுத்து நாள் 1977இல் வந்தது. கொண்டுவந்தவர்கள் பேனா, பென்சில் தயாரிப்பாளர்களின் சங்கம். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எல்லோரையும்விடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்ட ஜான் ஹான்காக்கின் பிறந்த நாளாக ஜனவரி 23ஐப் பார்த்துப் பிடித்தார்கள். வியாபார புத்திதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் நான்கு கோடு நோட்டில் உங்கள் கையைப் பிடித்து எழுதவைத்தவளுக்கு அந்த நாள்மேல் கோபம் வரவில்லை! அணில் நாள் 2001இல் வட கரோலினாவில் காயம்பட்ட காட்டுயிர்களைப் பராமரிக்கும் ஒரு பெண்மணி தொடங்கியது. இப்படிப்பட்ட நாட்களைத் திரட்டி ஆண்டுதோறும் புத்தகமாகப் போடும் வேலையை 1957இல் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் சேஸ் என்ற குடும்பப் பெயருடைய இரண்டு சகோதரர்கள் தொடங்கினார்கள். அந்தப் புத்தகம் பத்திரிகை அலுவலகங்களுக்கும் வானொலி நிலையங்களுக்கும் போய், நாட்கள் ஊர் ஊராகப் பரவின.

இவற்றுக்கு நடுவே உண்மையிலேயே பழைய நாள் ஒன்று இருக்கிறது. அதுதான் பிப்ரவரி 2. பார்த்தால் எல்லாவற்றையும்விடக் கோமாளித்தனமாக இருக்கும். பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பங்ஸடானி என்று ஒரு சிற்றூர். விடியும் முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் உறைபனியில் நிற்பார்கள். உயரமான கறுப்புத் தொப்பியும் கோட்டும் அணிந்த பெரிய மனிதர்கள் ஒரு மரக்கட்டைக்குள்ளிருந்து கொழுத்த பிராணி ஒன்றைத் தூக்கி வெளியே எடுப்பார்கள். அது தன் நிழலைப் பார்த்தால் குளிர்காலம் இன்னும் ஆறு வாரம் நீளும், பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரம் வரும் என்று அறிவிப்பார்கள். அதன் பெயர் ஃபில். பெயரில் பன்றி இருந்தாலும் கிரவுண்ட்ஹாக் அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. பூனை அளவு இருக்கும், வளை தோண்டி வாழும், குளிர்காலம் முழுக்க உறங்கும்.

இந்தக் கூத்தின் வேர் கிறிஸ்தவத் திருவிழா ஒன்றில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் கழிந்து நாற்பதாம் நாள், குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்ததை நினைவுகூரும் நாள். அன்று மெழுகுதிரிகளை மந்திரித்துக் கொடுப்பார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கக் கோவில்களிலும் இது உண்டு. என்னிடம் படித்த கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஐரோப்பிய உழவர்களுக்கு அந்த நாள் இன்னொரு வகையிலும் முக்கியம். வானக் கணக்கில் அது குளிர்காலத்தின் நடு எல்லை. மிகக் குறைந்த பகல் கொண்ட டிசம்பர் 21க்கும், பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20க்கும் ஏறக்குறைய மத்தியில் வருகிறது. அன்று பரணில் பாதித் தீவனமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதற்குக் குறைந்தால் மாடு வசந்தத்தைப் பார்க்காது.

ஆக, குளிர் இன்னும் எத்தனை நாள் என்ற கேள்வி விளையாட்டுக் கேள்வி அல்ல. வைக்கோல் போரைத் தினமும் கண்ணால் அளந்துகொண்டிருக்கும் வீட்டின் கேள்வி. நம் ஊரிலும் தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று இதே நாட்களைப் பற்றித்தான் பேசினார்கள். நமக்குப் பனி; அவர்களுக்கு முழங்கால் அளவு உறைபனி.

அன்று வெயில் அடித்தால் நல்லதுதானே, ஏன் கெட்ட சகுனம் என்கிறார்கள் என்று குழந்தை கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். குளிர்காலத்தில் மேகம் போர்வை மாதிரி. பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கும். வானம் பளிச்சென்று இருந்தால் சூடு மேலே போய்விடும், குளிர் கூடும். அந்தப் பகுதிகளில் தெளிவான வானம் வறண்ட குளிர்காற்றோடு வருவது வழக்கம். உழவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்திருக்கிறார்கள். ஒரு நாள் வானிலையை வைத்து ஆறு வாரத்துக்குச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். ஃபில் சொன்னவற்றை அமெரிக்க வானிலைத் துறையினர் வெப்பநிலைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் பாதிகூடத் தேறவில்லை. பூவா தலையா போட்டிருந்தால் அதைவிடச் சரியாக வந்திருக்கும்.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

ஜெர்மனியில் நிழல் பார்த்தது கிரவுண்ட்ஹாக் அல்ல, பேட்ஜர். முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை உள்ள, வளை தோண்டும் பிராணி. 1681இல் வில்லியம் பென் பென்சில்வேனியாவை நிறுவி எல்லா மதப் பிரிவினரையும் வரவேற்றார். 1683 முதல் ஜெர்மன் மொழி பேசியவர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறி வந்தார்கள். போர், வறுமை, மதத் தொல்லை எல்லாவற்றிலிருந்தும் தப்பி வந்த உழவர்கள். அமெரிக்கா சுதந்திரம் பெற்ற காலத்தில் பென்சில்வேனியா மக்களில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள்தான். வந்த இடத்தில், வீட்டு வரப்பிலேயே குளிரில் உறங்கி எழும் கிரவுண்ட்ஹாக் இருந்தது. "இது போதும்" என்று அதை வைத்துக்கொண்டார்கள். மோர்கன்டவுன் என்ற ஊரில் ஒரு கடைக்காரர் 1841 பிப்ரவரியில் எழுதிய நாட்குறிப்பில் ஜெர்மானியர்களின் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது.

பங்ஸடானியில் அதை ஊர் விழாவாக ஆக்கியது ஒரு பத்திரிகை. 1886இல் அவ்வூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு, 1887 பிப்ரவரி 2, கூட்டமாகக் குன்றுக்குப் போனார்கள். தொடக்க காலத்தில் கிரவுண்ட்ஹாக்கை வேட்டையாடிச் சமைத்து விருந்தும் வைத்திருக்கிறார்கள். (இதைச் சின்னக் குழந்தைகளிடம் சொல்ல வேண்டாம்.) அன்று முதல் இன்று வரை ஒரே ஃபில்தான், ஆண்டுக்கொரு முறை மந்திர மருந்து குடித்து ஆயுளைக் கூட்டிக்கொள்கிறது என்பது அந்த ஊர்க்காரர்கள் சிரிக்காமல் சொல்லும் கதை. 1993இல் இந்த நாளின் பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்தபின் கூட்டம் பல மடங்கானது.

விழா இப்படி வளர்ந்துகொண்டே போக, விழாவைக் கொண்டுவந்தவர்களின் மொழி தேய்ந்துகொண்டே வந்தது. அந்த மக்கள் பேசியது பென்சில்வேனியா ஜெர்மன் என்ற பேச்சுவழக்கு. 1750களிலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின், இவர்கள் நம்மைப்போல ஆவதற்குப் பதில் நம்மை ஜெர்மானியர்களாக ஆக்கிவிடுவார்களோ என்று எழுதி எரிச்சல்பட்டிருக்கிறார். அவர் பயந்தது நடக்கவில்லை. பள்ளிக்கூடம் ஆங்கிலத்துக்கு மாறியது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் எதிரியின் மொழியாகிவிட்டது. தெருவில் பேசக் கூசினார்கள். பிறகு வீட்டில் குழந்தைகளிடம் பேசுவதையும் நிறுத்தினார்கள். தாத்தாவுக்குப் புரியும், அப்பாவுக்குக் கேட்டால் புரியும், பேரனுக்குப் புரியாது. இந்த மூன்று படிக்கட்டை உங்களில் பலர் உங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்போது சிலர் ஒரு வேலை செய்தார்கள். கிரவுண்ட்ஹாக் பெயரிலேயே மன்றம் தொடங்கினார்கள். லீஹை ஆற்றுப் பகுதியில் அமைந்த முதல் மன்றம் 1934 பிப்ரவரி 2 அன்று கூடியது. அதைப் பார்த்து வேறு ஊர்களிலும் வந்தன. அந்த நாளையொட்டி ஆண்டுக்கொரு கூட்டம்: வயிறாரச் சாப்பாடு, பாட்டு, நாடகம், கேலிப் பேச்சு, எல்லாம் பேச்சுவழக்கு ஜெர்மனில். மேசையில் ஆங்கிலம் பேசினால் சொல்லுக்கு இத்தனை காசு என்று அபராதம்! தமிழில் பேசினால் அபராதம் என்று வைத்திருந்த பள்ளிகளை நம் பக்கத்திலேயே பார்த்து வயிறெரிந்தவள் நான். தாய்மொழிக்காக அபராதம் போட்டவர்கள் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது.

அந்த மன்றங்கள் வென்றனவா? முழுமையாக இல்லை. இன்று அந்தப் பேச்சு லட்சக்கணக்கானவர்கள் வாயில் உயிரோடு இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஆமிஷ், மென்னோனைட் என்ற தனிச் சமூகத்தாரிடம். காரணம், அவர்கள் வீட்டில் காலை முதல் இரவு வரை அதில்தான் பேசுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சியில் ஃபில்லைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு குடியேறிகளின் வழக்கம் என்றே தெரியாது.

என் பதில் இதில்தான் இருக்கிறது. கிரவுண்ட்ஹாக் நாளால் பொங்கல் போய்விடாது. ஊர் மாறியதும் பேட்ஜரை விட்டுவிட்டுக் கிரவுண்ட்ஹாக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் விழாவை இழக்கவில்லை. நியூ ஜெர்சியில் மண் அடுப்பு கிடைக்காமல் மின்சார அடுப்பில் பொங்கல் வைக்கிறீர்களே, அதுவும் அப்படித்தான். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். போவது மொழி. அது விழா நாளில் போவதில்லை, மற்ற நாட்களில் சாப்பாட்டு மேசையில் போகிறது. குழந்தை தொப்பி செய்யட்டும், நிழல் பார்க்கட்டும், அந்தப் பேச்சு முழுக்கத் தமிழில் நடக்கட்டும். நிழல், வளை, உறக்கம், மேகம், போர்வை, வைக்கோல் என்று எத்தனை சொல் வருகிறது பாருங்கள். அபராதம் வைப்பதானால் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து வையுங்கள். என் கணிப்பில் உண்டியல் அவர்கள் காசில்தான் நிறையும்.

சும்மா படம் வரைவதோடு விடாமல், பிப்ரவரி 2 அன்று ஒன்று செய்யுங்கள். ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நிறுத்துங்கள். பகல் 12 மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழலை அளந்து எழுதிவையுங்கள். பிலடெல்பியா பக்கம் இருப்பவர்களுக்கு ஏறத்தாழ 154 சென்டிமீட்டர் வர வேண்டும். டிசம்பர் 21இல் அளந்திருந்தால் 2 மீட்டர் இருந்திருக்கும். மார்ச் 20இல் அளந்தால் 84 தான் இருக்கும். நிழல் குறையக் குறைய வசந்தம் வருகிறது என்பதைக் குழந்தை தன் சாக்பீஸ் கோட்டிலேயே பார்த்துவிடும். நாட்காட்டியை எடுத்து எண்ணவும் சொல்லுங்கள்: பிப்ரவரி 2இலிருந்து மார்ச் 20 வரை ஆறு வாரமும் சில நாட்களும். ஃபில் என்ன சொன்னாலும் வசந்தம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது!

திருச்சிப் பக்கம் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வேலை உண்டு. அதே நாளில் அதே அளவு குச்சியை மொட்டை மாடியில் நிறுத்துங்கள். நமக்கு மிகக் குட்டையான நிழல் பன்னிரண்டரை வாக்கில் வரும், ஏறக்குறைய 53 சென்டிமீட்டர். இரவு வீடியோ காலில் பேரனிடம் கேளுங்கள்: "உன் நிழல் ஏன்டா என் நிழலைவிட மூணு மடங்கு நீளம்?" அவன் யோசிக்கட்டும். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். உலக உருண்டை இல்லாத வீட்டில் ஒரு ஆரஞ்சுப் பழமும் இரண்டு குண்டூசியும் போதும். 5ஆம் வகுப்பில் உங்களுக்குச் செய்து காட்டியதுதான்.

அளந்த கணக்கை எனக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயர், குழந்தையின் வகுப்பு, நிழலின் நீளம் மூன்றும் இருக்கட்டும். குழந்தையே தமிழில் தன் கையால் எழுதிய தாளாக இருந்தால் இன்னும் நல்லது. எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, சிவப்புப் பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது.