ஏணியும் எல்லையும்: வடசென்னையில் செயல்வழிக் கற்றலும் தொடக்கநிலை வாசிப்பும்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய செயல்வழிக் கற்றல், கற்பித்தல் முறையில் நேர்ந்த மாற்றமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, ஆலைப் பகுதியை முன்வைத்து நோக்குமிடத்து, பள்ளிக்கு வாராத நாளைக் கணக்கிடும் முறையிலும் அது மாற்றத்தை ஏற்படுத்தியமை புலனாகிறது.

அப்போதைய ஆணையர் எம். பி. விஜயகுமாரின் முயற்சியால், மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். 13 பள்ளிகளில் சோதிக்கப்பட்ட இம்முறை, 2004இல் மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் விரிந்தது. பாடநூலின் இடத்தில் அட்டைகளும், அவற்றை வரிசைப்படுத்தும் கற்றல் ஏணியும் வந்தன. பிள்ளைகள் பாயில் அமர்ந்து, தம் கைக்கெட்டும் உயரத்திலிருந்த கரும்பலகையில் எழுதினர்.

பாடநூல் வகுப்பில் பத்து நாள் வாராத பிள்ளை திரும்பும்போது, வகுப்பு துணைக்காலைக் கடந்து கொம்புக்குச் சென்றிருக்கும். ஏணியிலோ அப்பிள்ளை விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். மீன்பிடித்தலையும் சுமைத்தொழிலையும் நம்பிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது சிறு சலுகையன்று. முன்னேறிய பிள்ளை மற்றதற்குச் சொல்லிக்கொடுப்பதும் இம்முறையில் இடம்பெற்றது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை செய்ததும் அதுவே. 1789 முதல் எழும்பூரில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் வழியாக அது 'மதராஸ் முறை' என இங்கிலாந்துக்கும் சென்றது.

ஆயினும் ஏணி மாநகராட்சி எல்லையில் நின்றது. இராயபுரம் எல்லைக்குள் இருந்தது. திருவொற்றியூரும் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகள். ஒரே கடற்கரைச் சாலையையொட்டி வாழ்ந்த பிள்ளைகளுக்கு இம்முறை வெவ்வேறு ஆண்டுகளில் கிட்டியது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்வழி மாநிலத் தொடக்கப் பள்ளிகளில் அது முழு அளவில் நடைமுறைக்கு வந்தது 2007-08இல்தான்.

அட்டைகளின் குறை வேறிடத்தில் இருந்தது. எழுத்து, சொல், தொடர் என்னும் வரிசையில் ஏறிய பிள்ளை அடுத்த அட்டையை எதிர்நோக்கியதே தவிர, அடுத்த கதையை அன்று. தானே எடுத்துப் புரட்டத்தக்க கதைநூல் ஏணியின் பகுதியாக அமையவில்லை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளை நிலைவாரியாகவே பகுத்தது. 2023இல் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிகளில் சிறு கதைநூல்களைப் பள்ளிகளுக்கு வழங்கியது. அங்கும் படிகள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு படியிலும் பிள்ளையின் கையில் இருந்தது ஒரு கதை.